கறுப்பு உறை

அலாஸ்காவில் கரடிக்குப் பயந்து துப்பாக்கியோடு ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குத் துப்பாக்கி உறை விற்றுக் கொழித்தவர் ஆர்வில். கடைக்கு வந்த மார்லீன் ஒரு நீளக்குழல் ரிவால்வரை மேசையில் வைத்ததுமே அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வீட்டுக்காரருக்கா? இதுக்கு மார்புல மாட்டுற உறைதாம்மா சரி. இடுப்புல மாட்டினா உட்காரும்போது குத்தும்."

"அவர் உட்கார மாட்டாரு. இடுப்புக்கே குடுங்க. கறுப்புல."

"கரடி என்ன கலரா பாக்கப் போவுது?"

"அவர் போடுற கோட்டு கறுப்பு. பொருத்தமா இருக்கணும்."

ஆர்விலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கோட்டு போட்டுக்கிட்டா மீன் பிடிக்கப் போறாரு? நல்ல ஆளு! நான் சொல்றதைக் கேளுங்கம்மா. குத்துதுன்னு இதை வண்டியிலேயே கழட்டி வச்சுட்டு ஆத்துல இறங்குவாங்க. கரடி வந்து நிக்கும்போது வெறும் இடுப்பைத் தடவுவாங்க."

"தெரியும்," என்றாள் மார்லீன், ரிவால்வரைக் கறுப்பு உறையில் செருகிப் பார்த்தபடி.

"தெரிஞ்சுமா இடுப்புக்குக் கேக்குறீங்க?"

"இதை அவர் வண்டியிலேருந்துதான் எடுத்துட்டு வந்தேன். நாளைக்குக் காலையில அடக்கம். இந்தத் தடவையாவது கழட்டி வைக்காம போகட்டும்."