அதே வெள்ளிக்கிழமை

"கூடப் பிறந்தவனே கழுத்தறுப்பான்னு நான் கனவுலகூட நினைக்கலை!"

அக்கா போனை எறிந்த வேகத்தில் மேஜை மேலிருந்த பேனாக்கள் உருண்டு விழுந்தன.

எதிரில் படம் வரைந்துகொண்டிருந்த ஓவியப் பெண் போனை எட்டிப் பார்த்தாள். தம்பியின் வீடியோ கேம் கம்பெனி வெளியிட்ட அறிவிப்பு. 'எரிமலை வீரன், பாகம் இரண்டு. விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வெளியீடு!'

அக்கா தயாரித்த 'படகுக்காரி' வெளிவருவதும் அதே வெள்ளிக்கிழமைதான்.

மூன்று வருஷ உழைப்பு. மூன்றே பேர் இருக்கும் கம்பெனி. இந்த விடுமுறை விற்பனையில் படகுக்காரி கரையேறவில்லை என்றால், ஆபீஸைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஏற்கெனவே அந்த வெள்ளிக்கிழமையில் கூட்டம் தாங்கவில்லை. வருஷம் முழுக்கத் தூங்கிவிட்டு, எல்லா வீடியோ கேம் கம்பெனிகளும் விடுமுறைக்கு முன்னால்தான் முண்டியடிக்கும். பெரிய கேம்களே நான்கு. இப்போது ஐந்தாவதாகத் தம்பி வேறு. போன தடவை அவன் கேம் வந்தபோது ஜனங்கள் வேறு எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாம தேதியை மாத்திக்கலாமாக்கா?"

"எப்படி மாத்தறது? பெட்டியில தேதியோட அச்சடிச்சு, கடை கடையா அனுப்பியாச்சே!"

அக்கா போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, உனக்கு வேற வெள்ளிக்கிழமையே கிடைக்கலையா?"

"வியாபாரம்க்கா. எனக்கு அந்த நாள்தான் தோதா இருக்கு."

"என் வயித்துல அடிக்கறதுதான் உனக்குத் தோதா? உன் நிழல்ல நிக்க மாட்டேன், உன் உதவி ஒண்ணும் வேணாம்னு உன் கம்பெனியை விட்டு வந்தேனே, அதுக்குப் பழி வாங்கறியா?"



"நீ உன் வேலையைப் பாருக்கா. இப்போ நான் தேதியை மாத்தறதா இல்லை."

"இனிமே எனக்குத் தம்பியே கிடையாது. வைடா போனை!"

மறுநாள் அக்கா ஊரிலேயே பெரிய கேம் கடைக்கு ஓடினாள். தெருவைப் பார்த்த அந்தக் கண்ணாடி ஜன்னலில் ஒரு மூலை கிடைத்தால்கூடப் போதும். போகிற வருகிற நாலு பேர் கண்ணில் படுமே!

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"முன்பக்கக் கண்ணாடி முழுசையும் உங்க தம்பி எடுத்துட்டாரேம்மா."

"முழுசுமா?"

"ஒரு ஓரம்கூட மிச்சமில்லை."

வெளியே வந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் ஓவியப் பெண் தினம் ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"எரிமலை வீரனோட மோதறதுக்கு யாருக்கும் தைரியமில்லையாம்க்கா. அந்த நாலு கம்பெனியும் தேதியை மாத்திக்கிட்டு ஓடிட்டாங்க."

"ஓட முடிஞ்சவங்க ஓடுவாங்க. நாம எங்க ஓடறது? மிதிபட்டே சாக வேண்டியதுதான்."

வியாழக்கிழமை மத்தியானம் ஓவியப் பெண் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"அக்கா! எரிமலை வீரன் நாளைக்கு வரலை! வேலை பாக்கியிருக்காம், விடுமுறை எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வருதாம்!"

அக்காவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"நல்லா வேணும் அவனுக்கு! என்னைக் கவிழ்க்க வந்தான், தானே கவிழ்ந்தான்."

"ஓடிப்போன நாலு பேரும் திரும்பி வந்துட்டா?"

"ஒரே நாள்ல எப்படி வருவாங்க? புதுத் தேதியைத்தான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சாச்சே. நாளைக்குப் புதுசுன்னு நம்ம கேம் மட்டும்தாண்டி!"

கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தாள்.

"கண்ணாடி இப்போ காலிதானே? எனக்குக் கொடுங்க. என் தம்பி கேமைத்தான் முடிக்க முடியலையாமே!" சொல்லும்போதே அவள் குரலில் குஷி தாண்டவமாடியது.

"முடிக்கலையா? யாரும்மா சொன்னா? பெட்டி பெட்டியா என் கோடவுன்ல வந்து கிடக்குதே."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்புறம் எதுக்குத் தள்ளிப் போட்டான்?"

கடைக்காரர் உள்ளே போய் ஆளுயரச் சுருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன். இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

சுருள் விரிய விரிய நீல ஆறு வந்தது. படகு வந்தது. துடுப்போடு நிற்கும் பெண்ணும் வந்தாள். மேலே கொட்டை எழுத்தில், 'படகுக்காரி'.

கண்ணாடி முழுக்க அடைக்கிற அளவு இருந்தது.

"இது... இதை யார் அச்சடிச்சது?"

"உங்க தம்பிதாம்மா. தேதியை அறிவிக்கறதுக்கு முந்தின நாளே கொண்டுவந்து கொடுத்துட்டாரு. 'நான் உதவறேன்னு தெரிஞ்சா அக்கா வாங்கிக்க மாட்டா, மூச்சு விடாதீங்க. அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நான் கலைச்சு விட்டுடறேன், கண்ணாடியை மட்டும் அவளுக்கு வச்சிருங்க'ன்னாரு."