வெள்ளச்சியின் டாக்டர்

“அவ இப்ப நல்லா நடக்கா டாக்டர். படி ஏறும்போதுதான் மூஞ்சச் சுளிக்கா.”

அய்யாத்துரை போனில் பேசுவதை அடுப்படியில் நின்று கேட்டாள் வள்ளித்தாய். மறுமுனையில் ஒரு பெண் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்டது. கல்லில் தோசை கருகியதை அவள் கவனிக்கவில்லை.

டாக்டர் பெயர் சுஜிதா, தென்காசிக்குப் புதிதாக வந்திருக்கிறாள் என்பது வரை வள்ளித்தாய் தெரிந்து வைத்திருந்தாள். பேச்சு வேறு யாரைப் பற்றி இருக்கும்? வெள்ளச்சியைப் பற்றித்தான். அய்யாத்துரை போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கி வந்த ராஜபாளையம் நாய். இப்போது வயதாகி, இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது.

அதற்காக வீட்டையே மாற்றிவிட்டார் மனுஷன். மொசைக் தரையில் கால் வழுக்காமலிருக்க நடை முழுவதும் சாக்கு விரித்தார். வாசல் படியில் பலகையைச் சாய்த்து வைத்தார். பந்து எறிந்து ஓடவிடும் விளையாட்டு நின்றது. தார் ரோடு கூடாது என்று வயலோரத்து மண் பாதையில் மெதுவாக நடத்திக் கூட்டிப்போனார். ஓடிக் குதித்தால் மூட்டு இன்னும் தேயும், தண்ணீருக்குள் நடந்தால் உடம்புப் பாரம் மூட்டில் இறங்காது, சதை மட்டும் பலப்படும் என்று அவளுக்குப் பாடம் வேறு நடத்தினார்.

வள்ளித்தாய்க்கும் முட்டி வலிதான். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்த அன்று, காலையில் கொஞ்சம் நடக்கச் சொன்னார் அய்யாத்துரை. ஊரே வேடிக்கை பார்க்க நான் என்ன ஓட்டப் பந்தயமா ஓட என்று அவள் கத்திய கத்தலில் வாயை மூடிக்கொண்டவர், அதற்கப்புறம் அவள் முட்டியைப் பற்றி மூச்சே விடவில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாயின் காலுக்குக் கிடைத்த கவலை தன் காலுக்குக் கிடைக்கவில்லையே.

வெள்ளச்சியைத் தண்ணீரில் நடத்த ஆற்றுக்குக் கூட்டிப்போகப் போவதாக அய்யாத்துரை சொன்னார். அந்த டாக்டரும் அங்கே வருகிறாளோ என்ற சந்தேகம் வந்ததும், ஒரு நாள் காலையில் நானும் வருகிறேன் என்று வள்ளித்தாய் கிளம்பிவிட்டாள். அய்யாத்துரை மறுப்பு சொல்லவில்லை.

சாரல் தூறிக்கொண்டிருந்தது. குற்றாலத்துக் கூட்டமெல்லாம் அருவிப் பக்கம் இருக்க, கீழே சிற்றாற்றில் இழுப்பில்லாத ஓரிடத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அங்கே இல்லை. வெள்ளச்சி கரையிலேயே நின்றுகொண்டு தண்ணீரில் இறங்க மறுத்தது.

“நீ முன்னால இறங்கு வள்ளி. அவ உன் பின்னாலயே வருவா.”

சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நாயும் வந்தது. மறுநாள் தான் போகாவிட்டால் அந்த டாக்டரைக் கூப்பிட்டுக்கொள்வாரோ என்ற நினைப்பில் மறுநாளும் போனாள். அப்புறம் தினமும் அதுவே வழக்கமாயிற்று. தண்ணீரில் நடந்து முடித்ததும், நாயை உட்காரவைத்து எழுப்ப வேண்டும். வள்ளித்தாய் பாறையில் உட்கார்ந்து எழுந்தால்தான் வெள்ளச்சியும் உட்கார்ந்து எழுந்தது.

அய்யாத்துரை கரையில் நின்று எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினார். ஒரு நாள் அவர் குளிக்கப் போனபோது வள்ளித்தாய் அதை எடுத்துப் பார்த்தாள். முக்கால்வாசி அவள் சேலைதான் தெரிந்தது. நாயின் வால் மட்டும் ஓரத்தில் ஆடியது. இத்தனை வருஷம் போலீஸில் இருந்தவருக்கு ஒரு நாயை ஒழுங்காகப் படம் பிடிக்கத் தெரியவில்லையே என்று எரிச்சலோடு போனை வைத்தாள்.

அடுத்த வாரத்தில்தான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. கொல்லைப்புறத்தில் நின்று அய்யாத்துரை தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“அவளுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது டாக்டர். அவ இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஓடாது.”

வள்ளித்தாய் துணி மடித்த கையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அவர் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

மறுநாள் அவர் வயலுக்குப் போனதும் ஆட்டோ பிடித்து வெள்ளச்சியோடு தென்காசிக்குப் போனாள். டாக்டரின் இடம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. பலகையில் சுஜிதா என்ற பெயரைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை. ஆத்திரம் எவ்வளவு இருந்தாலும், நாயைப் படியில் இழுத்துக்கொண்டு ஏற மனசு வரவில்லை. துண்டை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, பின்பாரத்தைத் தானே தாங்கி ஒவ்வொரு படியாக ஏற்றினாள். பெஞ்சில் காத்திருந்தவர்கள் நாயைப் பார்த்ததும் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டருக்குத் தன் மகள் வயதுதான் இருக்கும் என்பதே வள்ளித்தாய்க்கு அப்போதுதான் தெரிந்தது. இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு இந்த நாயத் தவிர வேற நெனப்பே இல்ல. இனி இதுக்கு என்ன செய்யணும்னாலும் என்கிட்டச் சொல்லுங்க. அவருகிட்டப் பேச வேண்டாம்.”



சுஜிதா ஒன்றும் புரியாமல் வெள்ளச்சியைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியைப் பார்த்தாள். கடைசியாக வள்ளித்தாயின் முகத்தைப் பார்த்ததும், எங்கோ பார்த்த முகம் என்று தெரிந்து சிரித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள்.

“நான் நாய் டாக்டர் இல்லம்மா. அண்ணாச்சி தினமும் பேசுனது உங்க முட்டியப் பத்தி.”