பஸ் ஏறிப் போங்கடி!

"ஆஃப்சைடா? யோவ், உங் கண்ணு இன்னா முதுகுலயா கீது?"

நடுவர் நாராயணசாமி சிவப்பு அட்டையை நீட்டினார். கலையரசி அதையும் ஒருமுறை முறைத்துவிட்டு மைதானத்தை விட்டு வெளியேறினாள்.

ஒரு காலத்தில் மாநில அணிக்குப் பதினோரு கோல் அடித்தவள். முட்டி போனபின் கச்சிராயபாளையம் பெண்கள் கால்பந்து கிளப்புக்கு மேனேஜராகி, ஐந்து வருஷத்தில் மூன்று கோப்பை. இன்று கள்ளக்குறிச்சியில் இறுதியாட்டம். தோற்றால் மேனேஜரை மாற்றிவிடுவேன் என்று கிளப் தலைவர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். இப்போது ஒரு கோல் பின்னால். மீதி இருபது நிமிஷம்.

"மேடம், வெளியிலேர்ந்து இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒண்ணும் குடுக்கக் கூடாது. குடுத்தா ஆட்டத்தையே நிறுத்திடுவேன்" என்றார் நாராயணசாமி.

கலையரசி கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனங்களோடு நின்றாள். அவள் நின்றாளே தவிர, வாய் நிற்கவில்லை.

"ஏய் சந்தியா! இன்னாடி வேடிக்க பாத்துக்கினு கீற? ஆடத் தெரியலன்னா சின்னசேலம் பஸ்ஸப் புடிச்சிப் போய்ச் சேரு!"

நாராயணசாமி விசிலோடு ஓடிவந்தார். "மேடம், நான் இன்னா சொன்னேன்?"

"இன்ஸ்ட்ரக்‌ஷனா குடுத்தேன்? திட்றேன் சார். எங்க பொண்ணுங்கள நான் திட்டக் கூடாதுன்னு ரூல் கீதா?"

பதினெட்டு வருஷ நடுவர் மனசுக்குள் விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அப்படியொரு விதி இல்லை. எழுதினவருக்குக் கலையரசியைத் தெரிந்திருக்காது.

பாவம், சந்தியா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். ஒதுங்கின இடத்துக்கே பந்து வந்தது. கோல்!

பாராட்ட வேண்டாமா? ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில் கலையரசி அடுத்தவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அருள்மொழி! எனக்குன்னு வந்து வாய்ச்ச பாரு! வெள்ளிமலை பஸ் நிக்குது, ஏறிப் போயிடு. வெள்ளிமலைடி! காது கேக்குதா, இல்லியா?"

கூட்டமே 'ச்சே' என்றது. அருள்மொழி பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓர் உதை விட்டாள். பந்து வானத்துக்குப் போய், கோல்கீப்பர் தலையைத் தாண்டி வலைக்குள் இறங்கியது. அடுத்த நிமிஷம் ஆட்டம் முடிந்தது.

கோப்பையோடு வந்த சந்தியாவை நாராயணசாமி ஓரமாகக் கூப்பிட்டார்.

"எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு கீதும்மா. ஜெயிச்சா மட்டும் போதுமா, மனுஷங்களுக்கு மரியாத வேணாம்? அந்தம்மா மேல ஒரு புகார் எழுதிக் குடு. மேனேஜர் சீட்டுலேர்ந்து எறக்கிட்டுத்தான் மறுவேல."

சந்தியா கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்கள எங்க சார் திட்னாங்க? சின்னசேலம்னா எடது பக்கம் காலியா கீது, போன்னு அர்த்தம். வெள்ளிமலைன்னா பந்தத் தூக்கி அடி. இன்னிக்கி எங்க மேடம் நெசமாத் திட்னது உங்கள மட்டுந்தான்!"