காரணத்துடன் ஒரு வாக்கு

உறையிலிருந்து எடுத்த வாக்குச்சீட்டைப் பிரித்த ஸ்டீபன்ராஜ், அதை மடித்துவிட்டு மறுபடியும் பிரித்தார்.

ஒரு வேட்பாளரின் பெயருக்கு எதிரே தெளிவான ஒரு டிக். அதற்குக் கீழே, சீட்டின் வெற்றிடத்தில், 'காரணம்' என்று தலைப்பிட்டு, அளவுகோல் வைத்து இரண்டு கோடு இழுத்து, ஆறேழு வரி எழுதியிருந்தது.

திருச்சி நாடாளுமன்றத் தொகுதியின் தபால் வாக்குகளைக் காலை எட்டு மணிக்கு எண்ணத் தொடங்கியிருந்தார்கள். எல்லாம் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களும் காவலர்களும் போட்டவை.

ஸ்ரீரங்கத்தில் கணக்கு ஆசிரியரான ஸ்டீபன்ராஜ், மூன்றாம் மேசைக்கு மேற்பார்வையாளர். அதுவரை இருநூற்றுப் பதினொரு சீட்டுகளைப் பிரித்திருந்தார். ஒன்றுகூட அவரிடம் காரணம் சொல்லவில்லை.

"என்னங்க, கடுதாசி எழுதியிருக்காங்களா?" என்று கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து மயிலம்மாள் எட்டிப் பார்த்தார். காந்தி மார்க்கெட்டில் எலுமிச்சை வியாபாரம் செய்பவர். அன்றைக்கு ஒரு கட்சியின் முகவர். "அது செல்லாதுங்க. தள்ளி வைங்க."

"அதெப்படிக்கா செல்லாமப் போகும்? டிக்கு எங்க ஆளுக்குத்தானே விழுந்திருக்கு," என்றார், டிக் வாங்கிய கட்சியின் முகவரான நஸ்ருல்லா.

"உங்க ஆளுக்கு விழுந்ததாலதான் தம்பி சொல்றேன்."

சத்தம் கேட்டு உதவித் தேர்தல் அலுவலர் வந்தார். வயதில் இளைய பெண், விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர். வாக்களித்தவர் இன்னாரென்று காட்டிக்கொடுக்கும் எழுத்து சீட்டில் இருந்தால் வாக்கு செல்லாது, இல்லையென்றால் செல்லும். அவ்வளவுதான் விதி.

"சத்தமாப் படிங்க சார். எல்லாரும் கேக்கட்டும்."

ஸ்டீபன்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

'பத்தாம் வகுப்புத் தேர்வு நாள்களில் ஐந்து கட்சிகளின் பிரசார வண்டிகள் பள்ளி வாசல் வழியே சென்றன. ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுச் சென்றது இக்கட்சியின் வண்டி ஒன்றே. தெருமுனையைத் தாண்டிய பிறகே மறுபடி போட்டார்கள். நாடாளுமன்றத்தில் இவர்கள் என்ன செய்வார்கள் என்பதை நான் அறியேன். எங்கள் வாசலில் செய்ததை அறிவேன். வீட்டுக்காரர் இரண்டு மாதமாகக் கேட்கிறார். அவரிடம் சொல்வதாக இல்லை. ஆயினும் காரணம் எழுதாமல் விடையை மட்டும் குறித்துவிட்டு எழ மனம் வரவில்லை. எனவே தங்களிடம் சொல்கிறேன்.'

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது.

"பாவம்ங்க அந்த மனுஷன்," என்றார் மயிலம்மாள். "ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அவருக்கு மட்டும் தெரியல."

"உங்க கட்சிக்காரரா இருப்பாருக்கா. அதான் அந்தம்மா வாயத் திறக்கல," என்றார் நஸ்ருல்லா.

ஸ்டீபன்ராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அலுவலர் சீட்டை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தார். "டீச்சர்னு தெரியுது. ஆனா டீச்சருங்க இந்தத் தொகுதியில ஆயிரக்கணக்குல இருக்காங்களே."

மயிலம்மாள் விடுவதாக இல்லை. "எழுத்த வச்சுக் கண்டுபிடிக்கலாமேம்மா. இங்க எண்ணுறவங்கள்ல பாதிப் பேரு வாத்தியாருங்க. கூட வேலை பாக்குறவங்க எழுத்து அவங்களுக்குத் தெரியாதா?"

நியாயமான வாதம். அலுவலர் அதை ஏற்றுக்கொண்டு, சீட்டை உயர்த்திப் பிடித்தார். யாரேனும் ஒருவர் தெரியும் என்றால் போதும், அந்த வாக்கு அந்த நொடியே செத்துவிடும்.

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள், இல்லையென்று தலையசைத்தார்கள். ஒரு தமிழாசிரியர் மட்டும், சந்திப்பிழை ஏதும் இல்லை என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியாக அலுவலர் ஸ்டீபன்ராஜைப் பார்த்தார். "உங்களுக்கு, சார்?"

இருபத்திரண்டு ஆண்டுப் பணியில், மதிப்பெண் பட்டியலில் அரை மதிப்பெண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ போடாதவர் அவர். சற்று யோசித்துப் பேசினார்.

"பேரு இல்ல, ஊரு இல்ல, பள்ளிக்கூடத்துப் பேரும் இல்லைங்க மேடம். சீட்டுல இருக்கறத வச்சுப் பார்த்தா செல்லும்."

கேட்ட கேள்விக்கு அது விடையன்று என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

செல்லும் என்று அலுவலர் தீர்ப்புச் சொன்னார். நஸ்ருல்லா தம் தாளில் ஒரு கோட்டைச் சேர்த்துக்கொண்டார்.

மயிலம்மாள் கம்பிவலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "எங்க வண்டியும் அன்னைக்கு நிறுத்தியிருக்கலாம்," என்றார்.

ஸ்டீபன்ராஜ் சீட்டை உரிய கட்டில் வைத்தார். மற்றவற்றை வைத்ததைவிடக் கொஞ்சம் மெதுவாக, ஓரம் மடங்காமல் வைத்தார். பத்தொன்பது ஆண்டுகளாக மாதம் தவறாமல் மளிகைப் பட்டியலில் அவர் பார்த்துவரும் எழுத்து அது.

இன்று வீட்டுக்குப் போனதும், காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, 'யாருக்குத்தான் போட்ட, சொல்லேன்' என்று பிரான்சியிடம் மறுபடியும் கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.