2317-ஆம் நட்சத்திரம்

“உன் அளவு ஒண்ணுகூட எடுத்துக்கல தேவி. நாலாயிரத்தையும் நானே முதல்லேர்ந்து அளந்துட்டேன்.”

“அத்தினியுமா? இன்னாத்துக்குங்க?”

“பாதியில நின்னுபோன வேலை. யாரு நம்புவாங்க?”

மூன்று வருடங்களுக்கு முன் இதே சாப்பாட்டு மேசையில் அவள் கணவன் வரதராஜன் சொன்னது. தன் உழைப்பு வீணானதைவிட, சிவந்து கிடந்த அவன் கண்கள்தான் அன்று தேவசேனாவுக்குப் பெரிதாகத் தெரிந்தன. நகரியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய விளக்கெண்ணெயை அவன் உச்சியில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

இன்று அந்த நட்சத்திரப் பட்டியல் அச்சுக்குப் போகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அதன் பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

“ஒரு பார்வை பாத்துக் குடு” என்று மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளியிருந்தான். அவளைப்போலப் பிழை பிடிக்கத் திருப்பதியில் ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பழைய புகைப்படக் கண்ணாடித் தட்டுகளில் பதிந்த வானம். ஒவ்வொரு நட்சத்திரத்தின் நடுவிலும் புள்ளி வைத்து இடத்தை அளக்க வேண்டும். அளந்தவர் வரிசைக் கடைசியில் தன் முதல் எழுத்தைப் போட வேண்டும். அது அவர்கள் இருவரும் வேலை பார்த்த ஆய்வகத்தின் வழக்கம்.

அவள் காலத்தில் நாலாயிரம் வரிசையிலும் ‘தே’ இருந்தது. கடைசிச் சரிபார்ப்புக்கு முன் மகள் நந்திதா வயிற்றில் வந்தாள். வேலை நின்றது.

இப்போது எல்லா வரிசையிலும் ‘வ’.

செயற்கைக்கோள் எடுத்த புதிய அளவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தவள் 2317-இல் நின்றாள்.

அது இரட்டை நட்சத்திரம். பளிச்சென்று இருப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மங்கலானதில் புள்ளி விழுந்திருந்தது.

எழுந்து போய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து தன் பழைய நோட்டை எடுத்துவந்தாள். திருத்த வேண்டியவற்றை மட்டும் குறித்து வைத்த நோட்டு. 2317-க்கு நேரே அதே தவறான அளவு. பக்கத்தில் ஒரு தேதி. வேறு எதுவும் எழுதவில்லை.

கடைசி இலக்கம் வரை அதே எண். ஒரே ஆள் இரண்டு முறை அளந்தாலே கடைசி இலக்கம் மாறிவிடும்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் இன்னும் விளக்கெண்ணெய் பிசுபிசுப்பதுபோல இருந்தது.

“இன்னா, எதனா தப்பா?” என்று கேட்டபடி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வரதராஜன் வந்தான்.

திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

குனிந்து பார்த்தான். சிரித்தான். “அடடே. அன்னிக்கு என் கண்ணு அசந்திருக்கும். நீயே மாத்திடு.”

பிழையைக்கூடத் தனதென்று எடுத்துக்கொண்டான்.

தேவசேனா நோட்டைத் திறந்து, அந்தத் தேதியின்மேல் விரலை வைத்தாள்.

“அசந்தது என் கண்ணு. நான் அளந்துக்கினு இருக்கறப்போ பின்னாடி வந்து நின்னு, நாராயணவனத்துல கல்யாணம் வெச்சிக்கலாமான்னு கேட்டீங்களே, அன்னிக்கு.”

அவன் விரல்கள் பொத்தானிலேயே நின்றுவிட்டன.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே கால். மூன்று வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதை அவள் சொன்னாள்.

“நாலாயிரத்துக்கும் என் எழுத்தைப் போடுங்க.”