மூன்று ஓட்டு

சனிக்கிழமை காலை வெயில் உறைபனிமேல் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. எங்கள் மலையூரில் அவரவர் குப்பையை அவரவரேதான் கிடங்குக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவே சட்டமன்றத்துக்கு நிற்பவர்கள் ஓட்டுக் கேட்பதும் இங்கேதான். வெர்னாவுக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு முறை ஜெயித்தவள், போன தேர்தலில் மூன்றே ஓட்டில் தோற்றாள். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி நிற்கிறாள். இப்போது, குப்பை கொட்ட வந்திருக்கும் டெல்மரின் வண்டியிலிருந்து காலி ஊறுகாய் ஜாடிகளை எடுத்துத் தொட்டியில் போடுகிறாள். கண்ணாடி கணீரென்று உடைகிறது.

"அந்த மூணுல ஒண்ணு என்னோடது வெர்னா," என்கிறான் டெல்மர். "நீங்கதான் எப்பவும் ஜெயிப்பீங்களேன்னு மான் வேட்டைக்குப் போயிட்டேன்."

"அந்த மூணு ஓட்டுல ஒண்ணு என்னோடதுன்னு சொல்ற நாப்பத்தோராவது ஆளுப்பா நீ. மானாவது கெடச்சுதா?"

"இல்லீங்க."

"அப்ப ரெண்டு பேரும் தோத்தோம்."

சிரிக்கிறாள். அந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்தத் தடவை கவலையே இல்ல," என்கிறான் டெல்மர். "நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு ஊரே பேசுது."

ஜாடி அவள் கையிலேயே நிற்கிறது. "ஐயோ, அப்படிச் சொல்லாத டெல்மர். தோத்துருவா போலிருக்குன்னு சொல்லு. பாக்குற எல்லார்கிட்டயும் சொல்லு."

டெல்மர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்புகிறான். கிடங்கு வாசலில் எதிரே வருகிற காரை நிறுத்தி, சாவுச் செய்தி சொல்கிற குரலில் தொடங்குகிறான்: "வெர்னா பாடு இந்தத் தடவையும் கஷ்டந்தான்..."

வெர்னா திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாகக் கேட்கட்டுமென்று கம்பளிக் குல்லாயைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொள்கிறாள்.