பதினோராம் கட்டம்

மனுத்தாளில் பதினோராம் கட்டத்துக்கு வந்ததும் வைரக்கண்ணு வாயை மூடிக்கொண்டான்.

பத்துக் கட்டம் வரை மடமடவென்று சொன்னான். திருமானூர் தபாலாபீஸுக்கு எதிரே, புங்கமரத்தடியில், மடியில் பலகையை வைத்து நான் எழுதினேன். கொள்ளிடத்தில் வெள்ளக் காலத்துக்குச் சர்க்காருக்கு ஒரு படகுக்காரன் வேண்டுமாம். போன வருஷமும் மனுப் போட்டான். கிடைக்கவில்லை.

எந்த வயதில் துடுப்புப் பழகினாய் என்று ஒரு கட்டம்.

"எட்டு வயசுன்னு போடு. நீயுந்தான கூடக் கெடந்த, பரிசல்ல ஒரு நெல்லு மூட்ட மாதிரி."

மூட்டைதான். அவன் அப்பாவின் பரிசலைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, திருமழபாடித் துறையிலிருந்து நடு ஆற்றுத் திட்டுக்குப் போவோம். துடுப்பு அவன் கையில், தூண்டில் என் கையில். நான் துடுப்புப் போட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். கெளுத்தி மாட்டினால், முள் குத்துமே என்று அதைக் கழற்றித் தருவதும் அவன்தான்.

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியாயிற்று.

பதினொன்று: தண்ணீரில் விழுந்தவர் யாரையாவது காப்பாற்றியது உண்டா? உண்டென்றால் அவர் பெயர், ஊர்.

படித்துக் காட்டினேன்.

"இல்லேன்னு போடு."

"யோசிச்சுச் சொல்லுடா. இந்த ஒண்ணப் பாத்துத்தான் வேலையே குடுப்பான்."

"நான் காப்பாத்தப்பட்டவன்டா. என்கிட்டப் போயிக் கேக்குறான் பாரு சர்க்காரு!" என்று சிரித்தான்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷமும் இதே கட்டம், இதே சிரிப்பு. ஒரு வார்த்தை சொன்னால் எழுதமாட்டேனா? அரியலூரில் மனுவைச் சேர்க்க நாளைதான் கடைசி நாள். இவனோ பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"சொல்லித் தொலையேன்டா!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எழுதுடா முருகையா. சாட்சி கேட்டா எவன் வருவான்?"

சொன்னதை மாற்றி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. 'இல்லை' என்று எழுதினேன். கீழே கைநாட்டு வைத்தான். விரலை மரத்தில் துடைத்துவிட்டு, மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

பேனாவை மூடினேன். 'வீரப் பரிசு, 1938' என்று அதில் வெட்டிய எழுத்து எட்டு வருஷமாகியும் அழியவில்லை. ஆற்றில் மூழ்கப்போன வைரக்கண்ணுவைக் காப்பாற்றியதற்காகப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்தது.

எனக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது.

அன்று பரிசல் கவிழ்ந்ததும் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தவன் அவன். நாங்கள் கரையேறிய பிறகுதான் என் அப்பா தடியோடு வந்தார், ஆற்றில் ஏன்டா இறங்கினாய் என்று.

முதலில் வாயைத் திறந்தவன் நான்.